ஈரத்துக்குக் கழிவு

போயா நாள். பண்டாரவளையில்
மூடிக்கிடந்த தியேட்டரைத் திறந்து
இத்தாலிக்காரர் ஒருத்தரின் மெஷின்களை வைத்திருக்கிறார்களாம்.
ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆள்.
சங்கத்தில் நாலு டிக்கெட் தந்தார்கள்.
நான், மரியபுஷ்பம், சந்திரவதனி,
நாலாவதாக அவள் வயிற்றில் ஏழு மாதம்.

வாசலில் மூன்று மொழியில் பலகை.
தமிழில் மட்டும் கொம்பும் காலும் தொலைந்து
‘தயவுசெய்து தடவும்’ என்றிருந்தது.
மரியபுஷ்பம் சிரித்த சிரிப்பில்
டிக்கெட் கிழிக்கிற பொடியன் பயந்துபோனான்.
நிபுன் என்று பேர். அவனே கூட வந்தான்.
“தொடுங்க அக்கா, எல்லாம் தொடுங்க.”
பாக்டரியில் பார்த்த பலகை எல்லாம்
தொடாதே, நிற்காதே, துப்பாதே.
கை நீட்ட எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மரச் சக்கரம், மரப் பல்.
பெரியது ஒரு சுற்று சுற்றி முடிக்க
சின்னது பன்னிரண்டு சுற்றுகிறது.
“தொரையும் நாமளும்” என்றாள் மரியபுஷ்பம்.

சிறகு ஒன்று கூரையில் தொங்கியது.
துணி, குச்சி, கயிறு.
எங்கள் படங்குகளை ஒட்டுப்போட்டால் அதே அகலம் வரும்.
பறந்தாரா என்று கேட்டேன்.
“இல்ல அக்கா. வரைஞ்சார்.”

கைமேல் கை வைத்து ஒரு அம்மா படத்தில் உட்கார்ந்திருந்தாள்.
முகத்தை எல்லாரும் பார்க்க, சந்திரவதனி
விரலைப் பார்த்தாள். “ஒரு கறை இல்லையே.”

அப்புறம் எட்டுக் கண்ணாடி அறை.
ஒவ்வொருத்தராய்த்தான் போக வேண்டும்.
முதுகு என்று ஒன்று இருப்பது
இதுவரை எனக்கு வலியால்தான் தெரியும்.
இடது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது.
உச்சியில், கூடைக் கயிறு கிடந்து கிடந்து
முடி விட்டுப்போன ஒரு ஒற்றையடிப் பாதை.
பத்தொன்பது வருஷமாய்
எனக்குப் பின்னால் மலை ஏறினவர்கள் எல்லாரும் பார்த்தது,
ஒருத்தியும் சொல்லாதது.
எட்டுப் பேரும் ஒரேயடியாய்த்
தலையில் கை வைத்தோம்.

கடைசி மூலையில் சின்னத் தராசு.
ஒரு தட்டில் பஞ்சு, ஒரு தட்டில் மெழுகு.
காற்றில் ஈரம் ஏறினால் பஞ்சு குடிக்கும்,
மெழுகு குடிக்காது, தட்டு சாயும்.
நிபுன் சொல்லி முடித்தும் நாங்கள் நகரவில்லை.
மடுவத்துத் தராசுக்கு இந்த வேலை தெரியாது.
மழை பெய்தால் மூன்று கிலோ கழிப்பார்கள்,
பெய்யாவிட்டால் இரண்டு.
சந்திரவதனி குனிந்து பஞ்சில் ஊதினாள்.
அசைந்தது மாதிரி இருந்தது.
“மூச்சுக்கும் பிடிப்பாங்களோ?”

வீட்டில் உடுப்புத் தொங்கவிடும் கம்பி ஒன்று,
பாத்திரம் கழுவும் பஞ்சில் பாதி,
லைட் போனால் கொளுத்தும் மெழுகுதிரி.
மெழுகைச் சுரண்டிச் சுரண்டிச்
சமமாக நிறுத்த மூன்று ராத்திரி போனது.
மழைக்குச் சாய்ந்தது. மூடுபனிக்குச் சாய்ந்தது.
சோறு வடித்தாலும் சாய்ந்ததால்
லயத்து வாசலுக்கு மாற்றினேன்.
பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதைச்
செய்வினை என்று நினைத்து ஒதுங்கி நடந்தார்கள்.

ஆடிக் கச்சான் பிடித்தது.
பன்னிரண்டு நாள் ஒரு பொட்டு மழை இல்லை,
காலையில் பனியும் இல்லை.
பஞ்சுத் தட்டு மெழுகை விட்டு மேலே போயிருந்தது.
அன்றைக்குக் கொழுந்து காதில் வைத்தால் சத்தம் போடும்.
முள் பதினெட்டரையில் நின்றது.
கணக்கர் அருளம்பலம் பதினாறரை எழுதினார்.
“தண்ணிக்கு ரெண்டு.”

“எந்தத் தண்ணி?”

தலை நிமிராமலே பேனா நின்றது.
எனக்குப் பின்னால் மரியபுஷ்பம்
தன் கூடையைத் தராசில் வைக்காமல்
தரையில் இறக்கிவைத்தாள்.